வளைவு நிலத்தின் முதல் வெட்டு

தென்பாதி
கார்த்திகை, ஞாயிறு இரவு

அன்புள்ள உங்களுக்கு,

எழில்மொழி எழுதுவது. இங்கே நான், அத்தை, குந்தவை மூன்று பேரும் காய்ந்த துணியும் சூடான சோறுமாக இருக்கிறோம். அங்கே நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வெயிலில் நிற்கிறீர்கள் என்று நம்பிக்கொள்கிறேன்.

ஃபோன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஃபோனில் பேச ஆரம்பித்தால் குந்தவை பிடுங்கிக்கொள்கிறாள். அவள் விட்டால் அத்தை பக்கத்தில் நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார்கள். அதற்குள் உங்களுக்கு ஷிஃப்ட் நேரம் வந்துவிடுகிறது. இது பாதியில் நின்றால் தப்பாகப் போய்விடும். ஜாபிர் அண்ணன் நாளை மறுநாள் மஸ்கட் கிளம்புகிறாராம். பருப்புப் பொடி, உப்பு நாரத்தங்காய், உங்கள் முதுகுக்குத் தைலம் எல்லாம் கட்டிவைத்துவிட்டேன். பொடிக்குக் கீழே இது இருக்கும். முழுசாகப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளைவு நிலத்தை ரெத்தினம் அண்ணனுக்கு எழுதிக்கொடுப்பதைப் பற்றித்தான். தையில் லீவு எடுத்து வந்து பத்திரத்தை முடித்துவிட்டு, எங்களைக் கும்பகோணத்தில் அப்பா வீட்டுப் பக்கம் குடிவைக்கலாம் என்று நீங்கள் ஏற்பாடு செய்திருப்பது எனக்காக. நான் ஃபோனில் அழுததால் வந்த ஏற்பாடு. அதனால் இதை நான்தான் எழுதவேண்டும், வேறு யார் சொன்னாலும் சரியாக இருக்காது.

அழுதது பொய் இல்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் நாலு வாழை, அதற்கப்புறம் அல்லிவாரி. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் ஓடிய தண்ணீரெல்லாம் சாக்கடைத் தண்ணீர்தான், அதுவும் மூடி போட்டது. இங்கே வாசலைப் போலவே கொல்லையிலும் ஒரு தெரு ஓடுகிறது, தண்ணீரால் ஆன தெரு. குந்தவை நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு மத்தியானத் தூக்கம் கிடையாது. முத்துக் கொலுசு போட்டுவிட்டிருக்கிறேனே, அது அழகுக்கு இல்லை. சத்தம் நின்றால் அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டு ஓடுவேன். பெரும்பாலும் எறும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அத்தை சிரிப்பார்கள். உங்களை இதே வாரியில் தூக்கிப் போட்டுத்தான் வளர்த்தார்களாம். போட்டது சரி, எடுத்தது யாரு என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பயந்தவள் சும்மா இருக்கமாட்டாள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், எப்போது ஏறும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றியது. புரட்டாசியில் குந்தவையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு, கரையோடு மேற்கே நடந்து பார்த்தேன். ஒரே நாளில் இல்லை, விட்டுவிட்டுப் பல காலைகள். உங்களிடம் சொன்னால் பாம்பு இருக்கும் என்பீர்கள் என்று சொல்லவில்லை. இருந்தது. அது அதன் வழியில் போனது.

கல்லூரியில் புவியியல் படித்தபோது ஓடை என்றால் ஒரு மலையிலிருந்து புறப்படும். வரைபடத்தில் நீலக் கோடாக ஆரம்பித்து நீலக் கோடாகவே முடியும். அல்லிவாரிக்கு ஆரம்பமே இல்லை. மேலே போகப்போக அது மெலிந்துகொண்டே போய், நமக்கு மேற்கே இருக்கும் புங்கடி ஊரைத் தாண்டி, கடைசியில் ஒரு வயலின் வரப்பில் வெட்டிய வாமடையாக ஆகிவிடுகிறது. பக்கத்து வயலிலும் ஒரு வாமடை, அதற்கடுத்ததிலும் ஒன்று. ஒவ்வொரு வயலும் தனக்கு வேண்டியதைக் குடித்துவிட்டு மிச்சத்தை மூலையில் விடுகிறது. அந்த மிச்சமெல்லாம் சேர்ந்ததுதான் நம் கொல்லையில் ஓடுவது.

மேடு என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் வேதாரண்யம் போகும் தார்ச்சாலைதான் இங்கே மலை. அதற்கு இந்தப் பக்கம் பெய்கிற மழை நமக்கு வரும், அந்தப் பக்கம் பெய்வது வேறொரு ஆற்றுக்குப் போகும். சாலையோரம் ஒரு டீக்கடை இருக்கிறது. அதன் கூரையில் முன்சரிவில் விழும் தண்ணீர் நம் கொல்லைக்கு, பின்சரிவில் விழுவது அந்த ஆற்றுக்கு. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அப்ப என் கடை டீத்தண்ணி எந்த ஆத்துக்கும்மா போவுது என்று கேட்டார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நம் தென்பாதிக்கு ஆற்றிலிருந்து நேராக வரும் வாய்க்கால் கடைமடையில் வறண்டுபோகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் புங்கடிக்கு வடிகாலாக இருப்பதே நமக்குப் பாசனமாக ஆகிறது. ஆனால் வாரி பள்ளத்தில் ஓடுகிறது, வயல் மேட்டில் இருக்கிறது. ஆகவே ஆவணியில் வாரி திரும்பும் வளைவில் மூங்கில் முளை அடித்து, நாணலும் வைக்கோலும் மண்ணும் வைத்துக் கொரம்பு கட்டித் தண்ணீரை ஏற்றிக்கொள்கிறோம். கார்த்திகை மழை கொட்டும்போது அதே கொரம்பு புங்கடிக்கு மூக்கைப் பொத்தியது போல ஆகிவிடும். அதை உடைக்கவேண்டும். வளைவு நிலம் யாருடையதோ அவர்கள் மூன்று வெட்டு வெட்டினால்தான் மற்றவர்கள் மண்வெட்டியை இறக்குவார்கள். அதுவரை புங்கடிக்காரர்கள் கரையில் வந்து நிற்பார்கள், ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். நிற்பதுதான் கேட்பது. இதை நான் உங்களுக்கே சொல்வது வேடிக்கைதான். ஆனால் நீங்கள் பிறந்ததிலிருந்து பார்த்ததை நான் இந்த வருஷம்தான் புரிந்துகொண்டேன், அதனால் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

தான் கூலிக்கு நாற்றுப் பறித்த நிலத்தையே மாமா வாங்கினார் என்று அத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம் நடந்ததை இப்போதுதான் சொன்னார்கள். நிலம் உனக்கு, முதல் வெட்டு நிலத்தை விற்ற பழைய வீட்டுக்கே இருக்கட்டும் என்று ஊரில் சிலர் பேசினார்களாம். அந்த வருஷ மழையில் புங்கடிக்காரர்கள் பழைய வீட்டு வாசலைத் தாண்டி வந்து, நம் கரையில் மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அதோடு பேச்சு முடிந்தது. இளையபெருமாள் மண்வெட்டியை எடுத்தார், அவ்வளவுதான் என்று மாமாவின் பெயரையே சொல்லி அத்தை முடித்தபோது குரல் கொஞ்சம் மாறியது. உடனே குழம்பில் உப்பு அதிகம் என்று என்னைத் திட்டினார்கள்.

இது மாமா இல்லாத முதல் மழை.

புதன்கிழமை பிடித்தது. வியாழக்கிழமை பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். உங்களுக்கு ஆலையில் பராமரிப்பு வேலை, ஃபோனை லாக்கரில் வைத்துவிடுவீர்கள் என்று தெரியும். இருந்தாலும் போட்டுப் போட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சும்போது கொல்லைப் பக்கம் ஆள் நடமாட்டம் தெரிந்தது. எட்டிப் பார்த்தால் சாக்குக் கொங்காணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புங்கடி ஜனம் நிற்கிறது. முன்னால் தங்கமணி அக்கா, அதுதான், அவர் மகளும் குந்தவையும் அங்கன்வாடியில் ஒரே பாயில் உட்காருகிறார்கள். அக்காவின் வயல்தான் புங்கடியிலேயே தாழ்வு. தினமும் என்னிடம் வாய் ஓயாமல் பேசுகிறவர், அன்றைக்கு என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாலை இறக்கி வைத்தேன். அத்தையிடம் போய், நம் வீட்டில் ஆம்பளை இல்லையே, வேறு யாரையாவது வெட்டச் சொல்லலாமா என்று கேட்டேன். வேற எவனாச்சும் இந்த வருசம் வெட்டுனா அடுத்த வருசமும் அவனே வெட்டுவான், நீ போறியா, நான் எறங்கட்டுமா, எனக்கு முட்டி புடிச்சிருக்கு, விழுந்தேன்னா பீ மூத்திரம் அள்ளுறது நீதான் என்றார்கள். குந்தவையை இடுப்பில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நான் மண்வெட்டியோடு போய்ச் சேரும்போது ரெத்தினம் அண்ணன் மழைக்கோட்டு போட்டு பைக்கில் வந்து இறங்கினார். அவருடைய வயலும் மீன் குட்டையும் வளைவுக்குக் கீழேதானே, கொரம்பு உடையாமல் நின்றால் வெள்ளம் அவர் பக்கம் வராது. தங்கச்சி, நீ உள்ள போ, மழ இன்னைக்கு விட்டுரும், நாளைக்குப் பாத்துக்கலாம் என்றார். செழியன்கிட்ட எல்லாம் பேசியாச்சு, நெலம் எங்கிட்ட வரப்போவுது, வந்தா இந்த மூங்கி, வைக்கோல் வேலையே இல்ல, காங்கிரீட்டு போட்டு ஷட்டர் வச்சிப்புடலாம், சாவி நம்மகிட்ட இருக்கும், இவங்க இப்புடி மழையில வந்து நிக்கவே வேணாம் என்று சொன்னார். உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அவர் குட்டையில் விட்ட மீன் அவருக்குப் பெரிசு.

அவர் பேசப்பேச நான் கரையில் நின்றவர்களைப் பார்த்தேன். பேசுகிறவர் அவர், ஆனால் ஒருவர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் என் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் பத்திரம் எழுதலைண்ணே என்று மட்டும் சொன்னேன். இறங்கிவிட்டேன்.

இனிமேல்தான் நீங்கள் கோபப்பட வேண்டிய இடம். இடுப்புவரை தண்ணீர். நம் கரைப் பக்கமாகவே நின்று, கைக்கு எட்டிய இடத்தில், மூன்று வெட்டும் பலமாக வெட்டினேன். வளைவின் வெளிக்கரையை நீர் அரிக்கும், உள்கரையில் மண் படியும் என்று பரீட்சையில் படம் போட்டு எழுதியவள் நான். நம் நிலம் வெளிக்கரையில் இருக்கிறது என்பது மூன்றாவது வெட்டுக்கு அப்புறம்தான் உறைத்தது. போன வருஷம் மாமா நீந்தி அக்கரைக்குப் போய் அங்கிருந்து மெதுவாக மேல்மண்ணைச் சீவியதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் கண்ணெல்லாம் இடுப்பில் இருந்த குந்தவை மேல். கரையில் இருந்த அத்தனை பேருக்கும் நான் தப்பான பக்கம் வெட்டுவது தெரிந்திருக்கிறது. மூன்று வெட்டு முடியும்வரை பேசக்கூடாது என்பது வழக்கமாயிற்றே. வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்கள் பாவிகள்.

மூன்றாவது வெட்டு விழுந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தங்கமணி அக்கா குதித்து என் பின்னலைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். தண்ணீர் கொரம்பைப் பிய்த்துக்கொண்டு நம் வரப்பில் போய் மோதியது, வரப்பு உட்கார்ந்துவிட்டது. கிழக்கு மூலையில் பயிர் மண்ணுக்கடியில் போய்விட்டது. முளைகளில் பாதி கடலைப் பார்க்கப் போய்விட்டன. நான் அழுதுகொண்டு நின்றேன். கதவைத் திறந்து வந்த அத்தை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கும்மோணத்துக்காரி வெட்டுனா கொரம்பு மட்டுமா போவும் என்றார்கள். புங்கடிக்காரர்கள் மழையில் நனைந்துகொண்டு சிரித்தார்கள்.

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டதும் நான் புங்கடிக்குப் போய்ப் பார்த்தேன். தங்கமணி அக்கா வீட்டில் அடுப்பைக் கட்டில்மேல் தூக்கி வைத்திருந்தார்கள். காலையில் வீட்டுக்குள் இருந்த தண்ணீர் அப்போது வாசல்படிக்குக் கீழே இறங்கியிருந்தது. சுவரில் ஈரக்கோடு முழங்கால் உயரத்துக்கு இருந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழேதான் அவர் மகள் தூங்குகிற இடம். நான் தப்பாகத்தான் வெட்டினேன். ஆனாலும் தண்ணீர் அந்தக் கோட்டிலிருந்து இறங்கியது.

மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே புங்கடியிலிருந்து ஆட்கள் வந்து நம் வரப்பைப் போட்டுக்கொடுத்தார்கள். அத்தை வரக்காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டு, மண்ணை மிதிங்கடா, மாவா பிசையிறீங்க என்று அதிகாரம் செய்தார்கள். கிழக்கு மூலை தேறாது. மற்ற பயிர் நிமிர்ந்துகொள்ளும் என்கிறார்கள்.

இன்று மத்தியானம் ரெத்தினம் அண்ணன் வந்தார். மூலை மண்ணடிச்சுப் போச்சு, செழியன் தை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், பவர் பத்திரம் எழுதி அனுப்பச் சொல்லு, இப்பவே முடிச்சிக்கலாம் என்றார். நீங்கள் வந்து பேசுவீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுத வைத்தது அதுதான். அவர் உங்களுக்கு ஃபோன் செய்வதற்கு முன்னால் இது உங்கள் கைக்கு வரவேண்டும் என்று இருக்கிறது. வராமல் போனால், அவர் கேட்டதற்குச் சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நிலத்தைக் கொடுக்க வேண்டாங்க.

நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இப்போதும் இந்த வரியை எழுதும்போது வாரியின் சத்தம் கேட்கிறது, எழுந்து போய் குந்தவை பாயில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். இந்தப் பயம் கும்பகோணத்துக்கு வந்தாலும் என்னோடு வரும், அங்கே பஸ் சத்தத்தைக் கேட்டு எழுந்து ஓடுவேன். ஆனால் சாவி ரெத்தினம் அண்ணன் இடுப்பில் இருக்க, தங்கமணி அக்கா அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். நான் கும்பகோணத்தில் மாடியில் குந்தவையைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன். இங்கே சுவரில் கோடு ஏறும். அக்கா மகளுக்கும் குந்தவைக்கும் ஒரே வயசு. ஒவ்வொரு மழைக்கும் எனக்கு அது ஞாபகம் வரும். அந்தத் தூக்கம் எனக்கு வேண்டாம்.

வீட்டை மாற்றுவதற்குப் பதில் கொல்லையில் ஒரு சுவர் வையுங்கள், போதும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டு, குந்தவை தலை நுழையாத அளவுக்கு. கதவுக்கு மேல்தாழ்ப்பாள். அப்புறம் அவளுக்கு நீச்சல் பழக்கவேண்டும். அதை அத்தை செய்யக்கூடாது, அவர்கள் முறை எனக்குத் தெரியும். நீங்கள்தான் செய்யவேண்டும். நான் கரையில் நின்று கத்திக்கொண்டிருப்பேன், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

அத்தை மனசு என்ன என்று கேட்பீர்கள். கேட்டேன். எம்புள்ள இஷ்டம் என்றார்கள். பிறகு இன்று முழுக்க அந்தக் கிழக்கு மூலையில் நின்று மண்ணைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள், முட்டி வலியோடு.

குந்தவை உங்களுக்கு ஒரு படம் போட்டிருக்கிறாள், உள்ளே வைத்திருக்கிறேன். நீலமாக இருப்பதெல்லாம் நான் அழுததாம். அத்தை சொல்லிக்கொடுத்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு வேலை, கையுறை போடாமல் எதையும் தொடாதீர்கள். முதுகு வலித்தால் லீவு சொல்லுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் நல்ல மனிதர்கள் நாலு பேர் உங்களைச் சுற்றி இருக்கவேண்டும், மழைக்கு முன்னால் கரையேறும் யோகம் உங்களுக்கு இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

தையில் தண்ணீர் குறைந்ததும் கடைசிப் பாசனத்துக்குக் கொரம்பு மறுபடி கட்டுவார்கள். முதல் முளை நம் வீட்டுக் கைதான் அடிக்கவேண்டுமாம். லீவை மாற்றாதீர்கள், அதற்கு வாருங்கள். எந்த இடத்தில் அடிப்பது என்று எனக்குத் தெரியாது. தென்பாதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், புங்கடியில் கேட்டாலும் சொல்வார்கள். நான் யாரையும் கேட்கப்போவதில்லை. நீங்கள் வந்து காட்டுங்கள்.

வளைவுக் கரையிலிருந்து,
உங்கள்
எழில்மொழி